கொழிஞ்சாம்பாறை பக்கம் கேமரா வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோவையிலிருந்து ஒரு குழு எல்லை தாண்டி வந்து நம் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வார இறுதியில் கேமரா வகுப்பு நடத்துகிறது. ‘இரண்டு பேர் பேசும் காட்சியைப் படமாக்குவது எப்படி’ என்று போஸ்டர். ஆளுக்கொரு கேமரா என்றும் போட்டிருந்தார்கள். 3,500 ரூபாய் கட்டிவிட்டுப் போனால், மண்டபம் நிறைய ஆட்கள், ஒரே ஒரு கேமரா. காலை முழுக்க ஆசிரியர் தான் எடுத்த கல்யாண வீடியோக்களையும் ட்ரோன் ஷாட்டுகளையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு அப்புறம்தான் விஷயத்துக்கே வந்தார். இரண்டு பையன்களை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவனை ஜன்னல் பக்கம் நின்று எடுத்தார். அடுத்தவன் முகத்தில் வெளிச்சம் போதவில்லை என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டார். சேர்த்து ஓட்டினால் இரண்டு பேருமே வலது பக்கம் பார்க்கிறார்கள், ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுபோல! ஒருவரிலிருந்து மற்றவர் வரை ஒரு கோடு இழுத்திருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது 180 டிகிரி விதி. தாண்டவே கூடாது என்றில்லை. ஷாட் ஓடும்போதே கேமரா நகர்ந்து போகலாம், அல்லது நடுவில் கோட்டின் மேலேயே நின்று ஒரு ஷாட் வைக்கலாம். இதைச் சொல்லித்தரத்தானே காசு வாங்கினார்கள்?

நம் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வந்த ஒரு பெண், இரண்டு பேரும் ஏன் ஒரே பக்கம் பார்க்கிறார்கள் என்று கேட்டேவிட்டாள். “எடிட்ல ஃப்ளிப் பண்ணிக்கலாம்மா” என்று சொல்லி அங்கேயே திருப்பியும் காட்டினார். பையனின் சட்டைப்பை வலது பக்கம் போய்விட்டது. பின்சுவரில் இருந்த மலையாளக் காலண்டரில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிவிட்டது. மண்டபமே சிரித்தது, அவர் மட்டும் அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தை 1/60 நொடியில் வைத்துப் படத்தில் பட்டை பட்டையாக ஓடவிட்டது தனிக் கதை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட்டும் அதற்கேற்றபடிதான் மினுக்கும்; 1/50-ல் வைத்திருந்தால் தீர்ந்தது. தோளுக்கு மேலிருந்து எடுக்கும் ஷாட்டில் இரண்டு பக்கமும் லென்ஸும் தூரமும் ஒத்துப்போக வேண்டும் என்பதையோ, க்ளோசப் எடுக்கும்போது காட்சியில் எதிரே பேசுகிறவர் லென்ஸை ஒட்டி நின்று வசனம் கொடுக்க வேண்டும் என்பதையோ மூச்சுவிடவில்லை. சாயங்காலம் லேமினேட் செய்த சர்டிபிகேட் மட்டும் குறையில்லாமல் கிடைத்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “ஆபீஸ் கோயமுத்தூர்ல, கேஸ் போடறதுன்னா அங்க வந்து போடுங்க” என்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களை இப்படித்தான் மிரட்டுகிறார்கள், நம்பாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நமக்குப் பாலக்காடு. நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் பார்க்கலாம். போஸ்டரையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அழித்துவிடாதீர்கள்.

அடுத்த பேட்ச் கோபாலபுரத்தில் என்று ஸ்டேட்டஸ் ஓடுகிறது. சேருகிறவர்கள் எத்தனை கேமரா, நாமே எடுத்து எடிட் செய்து பார்ப்போமா என்று கேட்டு, பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுத்துவிடலாம்.