எங்கள் வீட்டு மாஸ்ஸி என்ன விலை பெறும்?

கடலூர்ப் பக்கம் ஒரு டிராக்டரின் வயதைச் சொன்னால் யாரும் அசர மாட்டார்கள். கரும்புக்கும் நெல்லுக்கும் உழைத்து ஓய்ந்த வண்டி ஊருக்கு ஒன்றாவது கொட்டகையில் நிற்கும். நெல்லிக்குப்பத்துக்கு அருகே எங்கள் தாத்தா வாங்கிய மாஸ்ஸி பெர்குசன் 35-ம் அப்படித்தான் நிற்கிறது. 2011 டிசம்பரில் வந்த தானே புயல் கொட்டகைக் கூரையைக் கொண்டுபோனது. அதன் பிறகு மழையும் வெயிலும் அதன் மேலேயே. இந்த முறை ஊருக்குப் போனபோது, அதை விற்றுவிட வேண்டும் என்றார் பெரியப்பா மகன். நான் இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இருக்கிறேன். "உன் ஊரில் செய்த வண்டிதானே தம்பி, நீயே ஒரு விலை சொல்" என்றார் அண்ணன். அதைச் செய்த பேனர் லேன் தொழிற்சாலை இன்று இல்லை. அந்த இடத்தில் வீடுகள் இருக்கின்றன. அதைச் சொன்னால் விலை இன்னும் ஏறும் என்று நினைத்தார்.

விலை சொல்ல மூன்று பேர் வந்தார்கள். காயலான் கடைக்காரர் டயரைக் காலால் தட்டிப் பார்த்து, கிலோவுக்கு முப்பது ரூபாய் என்றார். ஏறக்குறைய நாற்பதாயிரம் வரும். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. மறுநாளே லாரி அனுப்பத் தயாராக இருந்தார், பணமும் கையோடு.

புதுச்சேரியிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி வேறு ரகம். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றின் தோட்டத்தில் நிறுத்த வேண்டுமாம். இன்ஜின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சிவப்பு பெயிண்ட் அடித்து, சீட்டில் ஒரு பூத்தொட்டி வைத்தால் அழகாக இருக்கும் என்றார். எண்பதாயிரம் என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

நான் எழுத வந்தது பண்ருட்டி மெக்கானிக்கைப் பற்றித்தான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். விலையைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். டீசலில் நனைத்த துணியால் டாஷ்போர்டைத் துடைத்து, பெயர்த்தகட்டை எடுத்துக் காட்டினார். கவென்ட்ரி என்று இருந்தது. அண்ணனின் முகம் மலர்ந்தது. "பொறுங்கள், தகடு மட்டும் வண்டி ஆகாது" என்று சொல்லிவிட்டு இன்ஜின் பக்கம் போனார். தகட்டில் வரிசை எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் பார்த்தாலே எந்த வகை இன்ஜினோடு வண்டி ஆலையை விட்டு வந்தது என்று தெரிந்துவிடும். எங்களுடையது மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். இதற்கு முன் வந்த நான்கு சிலிண்டர் டீசல், குளிரில் கிளம்ப அடம்பிடிப்பதால் இங்கிலாந்தில் கெட்ட பெயர் வாங்கியது. நம் சித்திரை வெயிலில் அது ஒரு குறையாகவே தெரிந்திருக்காது.

ஆனால் வண்டியில் இருந்தது அந்த பெர்கின்ஸ் அல்ல. பிளாக்கின் பக்கவாட்டைச் சுரண்டிவிட்டு, "இது சிம்ப்சன்" என்றார். சென்னை செம்பியத்தில் உள்ள சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் உரிமத்தில் இன்ஜின் செய்தது. அதே செம்பியத்தில் டாஃபே என்ற டிராக்டர் கம்பெனி 1960-ல் மாஸ்ஸி பெர்குசனோடு சேர்ந்து தொடங்கியது. அதனால் நம் பக்கம் இந்த வண்டிக்கு உதிரி பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. எது உடைந்தாலும் பண்ருட்டியிலேயே கிடைக்கும். வண்டி இத்தனை காலம் ஓடியது அந்த வசதியால்தான், அதன் அசல் தன்மை கரைந்ததும் அதனால்தான். இந்த டிராக்டருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். இன்ஜின் பிளாக்கை மாற்றுவது முதுகெலும்பில் பாதியை மாற்றுவது மாதிரி. அப்போதுதான் 1980-களில் பிளாக் வெடித்து, பெரியப்பா மாற்றிய கதை அண்ணனுக்கு நினைவு வந்தது.

பிறகு மட்கார்டில் ஒரு காந்தத்தை வைத்தார். சில இடங்களில் ஒட்டியது, சில இடங்களில் நழுவி விழுந்தது. விழுந்த இடமெல்லாம் பட்டி பூசிய இடம். ஃபேனைக் கையால் சுழற்றினார், இன்ஜின் இறுகவில்லை. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் வெளுத்திருந்தது, தண்ணீர் இறங்கியிருக்கிறது. இந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்ப்பும் அதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கும் என்பதால் அதையும் திறந்து பார்க்க வேண்டும் என்றார்.

அரிய வண்டியா என்று கேட்டேன். சிரித்தார். இதற்கு முந்திய சாம்பல் நிற பெர்குசன் டிஇ20, 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 35-ம் அதே ஆலையில் பெருமளவில் உருவானதுதான். இங்கிலாந்துக் கண்காட்சிகளில் நான் பார்த்தவரை, எதையும் மாற்றாத வண்டியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கிறது. எங்களுடையதைக் கப்பலில் ஏற்றினால் கப்பல் கூலிக்கே காணாது. ஓட வைத்து, ஆர்சி பெயர் மாறினால் ஒன்றேகால் லட்சம். இப்படியே விற்றால் முன் ஆக்சில், ஸ்டியரிங் பாக்ஸ், பானெட் இவற்றுக்காக அறுபதாயிரம் என்று மெக்கானிக் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூலி ஐந்நூறு ரூபாய். இப்படித் தெளிவாக எழுதித் தரும் மதிப்பீட்டாளரை நான் கவென்ட்ரியிலும் பார்த்ததில்லை.

ஆர்சி விஷயம்தான் தலைவலி. புத்தகம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொடவே இல்லை. இறந்தவர் பெயரிலிருந்து மாற்ற படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். போதாக்குறைக்குப் புத்தகத்தில் இருப்பது பழைய இன்ஜின் எண். நாங்கள் விசாரிக்கப் போன அலுவலகத்தில் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்பினார்களே தவிர, இன்ஜின் எண்ணுக்கு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. வாசலில் நின்ற தரகருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது, கட்டணம் உட்பட. ஐம்பது ஆண்டு கடந்த சொந்த உபயோக இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியையும் பார்த்தேன். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், ஆனால் இன்ஜின் உள்ளிட்டவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. சிம்ப்சன் அங்கேயும் குறுக்கே நின்றது.

இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டோம்; அங்கே இருந்த பெண் பொறுமையாக, விடுபட்ட ஆவணத்தைக்கூடத் தானே எடுத்துச் சொன்னார். தாசில்தார் கையெழுத்து வரும்வரை விற்பதில்லை என்று அண்ணனிடம் பேசி வைத்திருக்கிறேன். கியர்பாக்ஸ் ஆயிலை இப்போதே இறக்கிவிடச் சொல்லி மெக்கானிக்குக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. காயலான் கடைக்காரர் மட்டும் வாரம் ஒருமுறை அண்ணனை அழைத்து நலம் விசாரிக்கிறாராம்.