மூடிய அலமாரியும் 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டும்: வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

ஆர்எஃப் ரிமோட், அதாவது ரேடியோ அலையில் இயங்கும் ரிமோட், வாங்கப் போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எத்தனை மீட்டர் எட்டும் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவர் பெட்டியைத் திருப்பி, ஆன்டெனாவைக் கழற்றி ஒயர் மூலம் வேறு இடத்துக்குக் கொண்டுபோக வழி இருக்கிறதா என்று பாருங்கள். நான் இப்போது வைத்திருக்கும் பெட்டியை மனதார சிபாரிசு செய்வதற்கு அதுதான் முதல் காரணம். பெயரைச் சொல்லவில்லை, இந்த வகைப் பெட்டிகள் யார் தயாரித்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

என் தேவை இது. ஆம்ப்ளிஃபையர், ப்ளூரே ப்ளேயர், செட்டாப் பாக்ஸ் மூன்றும் கதவு போட்ட அலமாரிக்குள் இருக்கின்றன. தூசி படக்கூடாது, குழந்தைகள் கை வைக்கக்கூடாது. சாதாரண ஐஆர் (அகச்சிவப்பு) ரிமோட் அனுப்புவது ஒளி. சுமார் 940 நானோமீட்டர் அலைநீளம், நம் கண்ணுக்குத் தெரியாது. ஒளி என்பதால் மரக்கதவைத் தாண்டாது. கதவைத் திறந்து வைத்தாலும் ரிமோட்டைச் சாதனத்தை நோக்கி நீட்ட வேண்டும். அப்பாவுக்குக் கை நடுக்கம் உண்டு. ஒரே திசையில் நீட்டிப் பிடிப்பது அவருக்குச் சிரமம். சத்தம் போதவில்லை என்றால் எங்களைக் கூப்பிடவும் மாட்டார், கேட்காமலேயே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் இத்தனை ஸ்பீக்கர் வைத்துவிட்டு இப்படி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆர்எஃப் ரிமோட் இதற்குச் சரியான தீர்வு. ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலையாகக் கட்டளையை அனுப்பும். (சில நாடுகளில் விற்பவை 418 அல்லது 315-இல் இயங்கும், ரிமோட்டும் பெட்டியும் ஒரே அலைவரிசையில் இருந்தால் போதும்.) அலமாரிக்குள் இருக்கும் பெட்டி அதை வாங்கி, ஐஆர் துடிப்பாக மாற்றி, மெல்லிய ஒயர்களின் முனையில் இருக்கும் எமிட்டர்கள் வழியாகச் சாதனங்களுக்குக் கொடுக்கும். ஆம்ப்ளிஃபையருக்கு ரேடியோ பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஐஆர் ரிமோட்டில் வேலை செய்த ஏறக்குறைய எந்தச் சாதனமும் இதில் வேலை செய்யும்.

பெட்டியை அலமாரிக்குள் வைத்து இணைத்ததும் வேலை செய்தது. ஆனால் ஒழுங்காக இல்லை. சேனல் மாற்றினால் சில சமயம் மாறும், சில சமயம் மாறாது. இந்த அரைகுறை நிலைதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் வயதானவர்கள் தாங்கள்தான் தவறாக அழுத்துகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதைச் சோதிக்க எளிதான வழி, வால்யூம் பட்டனை அழுத்தியபடியே வைத்திருப்பது. ஆம்ப்ளிஃபையர் முகப்பில் எண் ஏறும் விதத்தைப் பாருங்கள். சீராக ஏறினால் சிக்னல் நன்றாக வருகிறது. இரண்டு எண் ஏறி, நின்று, மறுபடி ஒன்று ஏறி, மறுபடி நின்றால் இடையில் கட்டளைகள் தொலைகின்றன. ஒரு தடவை அழுத்திப் பார்ப்பதை விட இது பல மடங்கு தெளிவாகக் காட்டும். உட்காரும் இடத்திலிருந்து, ரிமோட்டை எப்படிப் பிடிப்பார்களோ அப்படியே பிடித்துச் செய்ய வேண்டும்.

அடுத்தது இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: முகப்பில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு. ரிமோட்டில் அழுத்தினால் எரியும், விட்டால் அணையும். யாரும் எதையும் தொடாதபோதும் அது தானாக மினுங்கினால், பெட்டி வேறெதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என் வீட்டில் மினுங்கியது. அலமாரியில் இருந்த ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸைப் பிடுங்கியபோது மினுக்கம் குறைந்தது. டிவிக்குப் பின்னால் ஒட்டியிருந்த எல்இடி பட்டையின் அடாப்டரைப் பிடுங்கியதும் சுத்தமாக நின்றது.

காரணம் புரிந்துகொள்ள வேண்டியது. இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுபவை. அப்படி வெட்டும்போது எழும் இரைச்சல் அந்த அலைவெண்ணோடு நிற்பதில்லை. அதன் மடங்குகளாக நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வரை பரவும். நல்ல அடாப்டரில் அதைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும், மலிவானதில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். டிம்மர் வைத்த விளக்குகளும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள். பேட்டரியில் ஓடும் ரிமோட் அனுப்புவதோ மில்லிவாட் கணக்கில். அதுவும் சில மீட்டர் தாண்டி வர வேண்டும். அடாப்டர் ஆன்டெனாவுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. யார் ஜெயிப்பார்கள்?

அதனால் தூரம் அல்ல, இரைச்சல்தான் பெரும்பாலும் பிரச்சினை. சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். கூட்டத்தின் கூச்சலில் காது கேட்கும் கருவியின் ஒலியைக் கூட்டி வைப்பதுபோல்தான் அது. வேண்டியது கூடும்போது வேண்டாததும் அதே அளவுக்குக் கூடும்.

இங்கேதான் கழற்றக்கூடிய ஆன்டெனா தன் மதிப்பைக் காட்டுகிறது. கணக்கு எளிது. இரைச்சல் போடும் சாதனத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்த ஆன்டெனாவை 1 மீட்டர் தள்ளி வைத்தால் தூரம் பத்து மடங்கு. அந்த இரைச்சலின் வலிமை நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ரிமோட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே உள்ள தூரமோ ஏறக்குறைய மாறவே இல்லை. ஒரு பக்கம் பெரிய லாபம், மறுபக்கம் இழப்பே இல்லை. இரும்பு ரேக்கில் வைத்திருப்பவர்களுக்கு லாபம் இன்னும் அதிகம், ஏனென்றால் உலோகம் ரேடியோ அலையை உள்ளே விடாது.

பெட்டியோடு வந்த ஆன்டெனா ஒயர் அலமாரியின் மேல்தட்டு வரைகூட எட்டவில்லை. இது ஒரு குறை. இன்னும் இரண்டு மீட்டர் கொடுத்திருந்தால் தயாரிப்பாளருக்கு என்ன செலவாகியிருக்கும்? கோஆக்சியல் ஒயர் தனியாக வாங்கினேன். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு வகைக் கனெக்டர்கள் உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், மரையும் சேரும். ஆனால் நடுவில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றில் ஓட்டை இருக்கும். தவறான ஜோடியைச் சேர்த்தால் இறுக்கமாக முடுக்கிய பிறகும் உள்ளே தொடர்பே ஏற்படாது. அதேபோல வைஃபை ரவுட்டரின் ஆன்டெனாவைக் கழற்றி இதில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அளவெடுத்துச் செய்தது. 433-இல் ஒரு அலையின் நீளம் 69 செ.மீ.; கால் அலை ஆன்டெனா 17 செ.மீ.யை ஒட்டி இருக்கும். நீளத்தைக் கூட்டினால் கூடுதலாக இழுக்கும் என்பதும் இல்லை. அந்த நீளம் அந்த அலைவரிசைக்காகவே வைத்தது. ஆன்டெனா கம்பியைச் சுருட்டிக் கட்டினாலும் கெட்டுவிடும்.

ஆன்டெனாவை அலமாரிக்கு மேலே, டிவியிலிருந்து விலக்கி, செங்குத்தாக நிறுத்தினேன். வால்யூம் எண் முன்பைவிட நன்றாக ஏறியது, ஆனாலும் இடையில் தயங்கியது. பிறகு ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே வந்தேன். கிட்டத்தட்டப் படுத்த நிலைக்கு வந்தபோது எண் நிற்காமல் ஓடியது. அனுப்பும் ஆன்டெனாவும் வாங்கும் ஆன்டெனாவும் ஒரே வாக்கில் இருந்தால்தான் சிக்னல் முழுசாகச் சேரும். ரிமோட்டுக்குள் இருக்கும் ஆன்டெனா எந்த வாக்கில் இருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதனால் கையேட்டில் போட்டிருக்கும் படத்தை அப்படியே நம்பாமல், சாய்த்துப் பார்த்து உங்கள் வீட்டுக்கு ஏற்ற கோணத்தைப் பிடியுங்கள். ஒருவர் ஆன்டெனாவைப் பிடிக்க, இன்னொருவர் சோபாவில் உட்கார்ந்து அழுத்த வேண்டும். என் மகள் எண்ணைச் சத்தமாகப் படித்தாள்.

எல்இடி பட்டைக்கு வேறு நல்ல அடாப்டர் மாற்றிவிட்டேன். இரைச்சலை அடக்க ஒயரில் ஃபெரைட் வளையம் (ஒரு வகைக் காந்தப் பொருள்) மாட்டலாம் என்பார்கள். மாட்டலாம், ஆனால் எல்லா ஃபெரைட்டும் இந்த அலைவரிசைக்கு உதவாது. கலவைக்குக் கலவை குணம் மாறும்; 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அடக்குவதற்கு 61 என்ற எண்ணிட்ட கலவை பொருத்தம். கடையில் கலவை எண் போடாமல் கிடைக்கும் வளையங்களை நான் நம்புவதில்லை.

எமிட்டர்களைப் பற்றிச் சுருக்கமாக. சாதனத்தின் முகப்பில் ஐஆர் கண் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், கறுப்புப் பிளாஸ்டிக் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே உருண்டையாகத் தெரியும். அதன் நேர்மேலே ஒட்டுங்கள். பெட்டியோடு வரும் ஒட்டுப்பட்டை ஆம்ப்ளிஃபையர் சூட்டில் இளகிக் கழன்றுவிடுகிறது, நல்ல இருபக்க டேப் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். எமிட்டர் கழன்று தொங்கும்போது ரேடியோவைத் திட்டிப் பயனில்லை. சிவப்பு விளக்கு சரியாக எரிந்து சாதனம் மட்டும் கேட்கவில்லை என்றால் கோளாறு எமிட்டர் பக்கம்தான்.

பின்பக்கம் அடையாள எண் தேர்ந்தெடுக்க 16 நிலைகள் கொண்ட குமிழ் இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் இதே வகை இருந்தால் மோதாமல் இருக்க. தொழிற்சாலையிலிருந்து வரும் எண்ணிலேயே விடாமல் மாற்றி வையுங்கள்.

டிவிக்குப் பின்னால் செருகும் ஸ்ட்ரீமிங் குச்சிக்கு இந்தப் பெட்டி உதவாது. அதன் ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸில், பெரும்பாலும் புளூடூத்தில் இயங்குகிறது. அங்கேயும் வைத்தியம் அதேதான்: குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் போட்டு டிவியின் உலோக முதுகிலிருந்து விலக்குங்கள். பக்கத்தில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் கூட்டத்தைக் குறைக்கும்.

இப்போது அப்பா போர்வைக்குள்ளிருந்தே அழுத்துகிறார். கதவு மூடியே இருக்கிறது. யாரையும் கேட்காமல் சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார், சமயத்தில் அதிகமாகவே. அந்தச் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இன்னும் சில குறைகள். பட்டனுக்கும் செயலுக்கும் இடையே மெல்லிய தாமதம் உண்டு, ரேடியோவை வாங்கி ஐஆராக மாற்றும் நேரம் அது. மெனுவில் வேகமாக நகர்பவர்களுக்குத் தெரியும். கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று ரிமோட்டுக்குத் திரும்பத் தகவல் வராது. எல்லாவற்றையும் ஒரே பட்டனில் போடும் வசதியில் ஒரு சாதனம் மட்டும் விட்டுப்போனால், அதற்கு மட்டும் தனியாகப் போட வேண்டும். ரிமோட்டில் பேட்டரி தளர்ந்தால் முதலில் எட்டும் தூரம்தான் குறையும், அதனால் நன்றாக இருந்தது திடீரென்று தயங்க ஆரம்பித்தால் எதையும் நகர்த்துவதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

சாதனங்கள் எல்லாம் திறந்த மேசையில், கண் முன்னே இருந்தால் இந்தப் பெட்டி தேவையில்லை, ஐஆர் ரிமோட்டே போதும். கூரையில் ப்ரொஜெக்டர் மாட்டியிருப்பவர்கள் அதுவரை எமிட்டர் ஒயர் இழுக்க வேண்டியிருக்கும். என் பெட்டியில் எமிட்டருக்கு 3.5 மி.மீ. மோனோ பிளக்தான், நீட்டிப்பு ஒயர் எளிதாகக் கிடைக்கும். சுவர் பூசுவதற்கு முன்பே கூரைக்குப் போகும் ஒயர்க் குழாயில் ஒரு ஒயர் கூடுதலாக விட்டு வையுங்கள்.