கிரிட்டாவில் ஒரு துருசடிப் பேய்: பென்சில் கோட்டில் இருந்து நிறம் வரை

கணினியில் படம் வரைகிற கிரிட்டா காசில்லாத மென்பொருள் என்பதாலேயே அதை விளையாட்டுச் சாமான் மாதிரிப் பார்க்கிற ஆக்கள் இங்கே கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உடம்பு பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நிற்கவேண்டிய ஒரு பேயை முதல் கோட்டில் இருந்து கடைசி வெளிச்சம் வரை இதில்தான் வரைந்து முடித்தேன், வேறு எந்த மென்பொருளையும் திறக்கவேண்டி வரவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ஐத் தாண்டியபோது, மாதச் சந்தாவை டொலரில் கேட்கிற மென்பொருள்கள் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டன. கிரிட்டாவை அதன் தளத்தில் இருந்து சும்மாவே இறக்கலாம். ஸ்டீமிலும் மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலும் காசுக்கு இருப்பது அதே மென்பொருள்தான், அதை வாங்கினால் உருவாக்குகிறவர்களுக்கு உதவியாகப் போகும்.

நான் வரைந்தது வெள்ளைச் சேலை மோகினி இல்லை. காடேறி, கொத்தி என்று பேய்க்கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த மோகினி எங்கேயோ இருந்து வந்தவள் மாதிரித்தான் தெரிகிறாள். என்னுடையவள் ஒரு பழைய குளத்தின் துருசை, அதாவது தண்ணீர் திறந்துவிடுகிற மதகை, காவல் காக்கிற கிழவி. தலைமயிர் மருதமர வேர் போலத் தண்ணீருக்குள் இறங்குகிறது, கையில் ஒரு அரிக்கன் லாம்பு, இடுப்புக்குக் கீழே உடம்பு இல்லை, பனிப்புகார்தான். பேய்க்குக் கால் நிலத்தில் பாவாது என்று அம்மம்மா சொல்வார், அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

கோட்டு வேலைக்கு உள்ளேயே வருகிற ‘பென்சில்-2’ தூரிகை போதும். அழுத்தினால் கருமை கூடும், கொப்பியில் கீறுகிற உணர்வு கொஞ்சம் வரும். எம் விசையைத் தட்டினால் படம் இடம் வலமாகத் திரும்பும், முகத்தில் இருக்கிற கோணல் உடனே தெரிந்துவிடும், திரும்பத் தட்டினால் பழையபடி. நீளமான மயிர்க்கோடுகளுக்கு ஸ்டெபிலைசரைப் போட்டுக்கொள்ளுங்கள், கை நடுங்கினாலும் கோடு வடிவாக வரும். ஆனால் முகத்துக்கு அதை நிறுத்திவிடவேண்டும், இல்லாவிட்டால் சுருக்கங்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்க் கிழவி குமரியாகிவிடுவாள்.

உண்மையான வேலை சாம்பல் நிறத்தில்தான் நடக்கிறது. பேய் என்பதே வெளிச்சமும் இருட்டும்தான், நிறம் பிறகு வருகிற விசயம். எங்கே ஓரம் கூர்மையாக இருக்கிறது, எங்கே பின்னால் இருக்கிற இருட்டோடு கரைகிறது என்பதைச் சாம்பலிலேயே முடிவு செய்யாமல் நீலமும் பச்சையும் பூசினால் அது நீலச்சாயம் பூசின மனுசியாகத்தான் நிற்கும். இந்த இடத்தில் கிரிட்டாவின் டிரான்ஸ்பேரன்சி மாஸ்க் எனக்கு நிரம்பப் பிடித்தது. லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற கண்ணாடித்தாள் மாதிரி; உருவத்தின் லேயரில் இந்த மாஸ்க்கைச் சேர்த்துவிட்டுக் கறுப்பால் பூசினால் அந்த இடம் மறையும், வெள்ளையால் பூசினால் திரும்ப வரும், சாம்பலால் பூசினால் பாதி தெரியும். அழிப்பான் எதையும் தொடாமலே இடுப்புக்குக் கீழே ‘ஏர்பிரஷ் சொஃப்ட்’டால் மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு போகலாம், நாளைக்கு மனம் மாறினால் சேலைக்கரையைத் திரும்பக் கொண்டுவரலாம், கீழே வரைந்தது ஒரு புள்ளிகூடக் குறையாமல் அப்படியே இருக்கும்.

நிழலை உருவத்துக்கு வெளியே வழியாமல் பூச இன்ஹெரிட் அல்ஃபா இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கஷ்டப்படுவது இதிலேதான். கீழே நிறம் இருக்கிற இடத்தில் மட்டும்தான் அது பூச விடும், ஆனால் தனக்குக் கீழே இருக்கிற எல்லா லேயரையும் சேர்த்துப் பார்க்கும், அதனால் பின்னணியும் அதே அடுக்கில் இருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். உருவத்தையும் அதன் நிழல்களையும் ஒரு குரூப்புக்குள் போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்.

நிறத்துக்குக் கிரேடியன்ட் மாப்பை, அதாவது சாம்பலின் இருட்டு வெளிச்சத்துக்கு ஏற்ப நாங்கள் தெரிந்த நிறங்களைப் போடுகிற ஃபில்டரை, ஒரு தனி லேயராக மேலே வைத்தேன். இருட்டுக்குக் கரும்பச்சை, நடுவுக்குப் பாசி கலந்த சாம்பல், வெளிச்சத்துக்கு வெளிறின மஞ்சள். வெயில் காலத்தில் குளம் வற்றி, செத்த மரங்கள் வெளியே தெரிகிற நேரம் பின்னேரத்தில் அலைகரையில் நின்று பார்த்தால் இந்த நிறங்கள்தான் தெரியும். பேய்ப்படம் என்றால் ஊதாவில் மூழ்கடிக்கிற பழக்கம் ஒன்லைனில் அதிகம், எனக்கு அது அலுத்துப்போய்விட்டது. கிரேடியன்ட் மாப்போடு மட்டும் விட்டால் முழுப்படமும் ஒரே சாயத்தில் தட்டையாக இருக்கும், ஆகவே அதற்கு மேலே தோலுக்கும் சேலைக்கும் தனித்தனி லேயர்களில் கையால் பூசத்தான் வேண்டும், அதற்கு மினக்கெட்டால்தான் உயிர் வரும். லாம்பின் வெளிச்சத்துக்குக் கலர் டொட்ஜ், கீழே இருக்கிற நிறத்தைப் பளிச்சென்று ஆக்குகிற கலப்பு முறை. அதைக் கடைசியில், கொஞ்சமாக, லாம்புக்கும் அதற்குக் கிட்ட இருக்கிற கன்னத்துக்கும் மட்டும். படத்தில் சூடான நிறம் அந்த ஓரிடம்தான், அதனால்தான் மற்ற எல்லாம் குளிர்ந்து தெரிகிறது.

பழைய லப்டொப் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஏ4 அளவில் 300 டிபிஐ என்றால் 2480க்கு 3508 பிக்சல், 8 பிட்டில் முழுதாக நிறைந்த ஒரு லேயர் சுமார் 35 எம்பி பிடிக்கும், 16 பிட்டுக்குப் போனால் இரண்டு மடங்கு. இருபது முப்பது லேயர் என்று வளர்ந்தால் 4 ஜிபி ராம் திணறும். இன்ஸ்டன்ட் பிரிவியூவைப் போட்டுக்கொண்டால் பெரிய தூரிகைகள் கொஞ்சம் கெதியாக ஓடும், முடிந்த லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். கரண்ட் போய்க் கணினி நின்றாலும் அடுத்த முறை திறக்கும்போது தானாகச் சேமித்த பிரதியை எடுக்கவா என்று கேட்கும். 2022 இல் 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்த ஊருக்கு இது சின்ன விசயம் இல்லை.

ஆண்ட்ரொயிட் டாப்லெட்டிலும் ஓடும். போனில் வேண்டாம், பொத்தான்கள் அந்தச் சின்னத் திரைக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஐபேடுக்கு இல்லை. திரை இல்லாத சாதாரண பேனாப் பலகை ஒன்று இருந்தால் ஆரம்பிக்கப் போதும். 5.0 பதிப்பில் இருந்து ரெக்கோர்டர் என்று ஒன்றும் வந்திருக்கிறது, வரைவதைப் படிப்படியாகப் பதிந்து வீடியோவாக்கித் தரும். ஓவியம் படிப்பிக்கிறவர்கள் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும், முடிந்த படத்தைவிட இடையில் என்ன மாறியது என்பதில்தான் பிள்ளைகள் கூடப் படிப்பார்கள்.

படத்தை அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால், திரையில் மினுங்குகிற அந்தப் பச்சையும் லாம்பு மஞ்சளும் அச்சு மையில் அப்படியே வராது, கரும்பச்சை எல்லாம் கறுப்பாகிக் கரைந்த ஓரங்களும் காணாமல் போகும். கிரிட்டாவின் சொந்தக் கோப்பான கேஆர்ஏயை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பிரதியில் இருட்டு வெளிச்சத்தைத் திருத்துகிற லெவல்ஸை எடுத்து இருட்டுப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, பிஎன்ஜியாக்கிக் கடைக்குக் கொண்டுபோங்கள். முதலில் சின்ன அளவில் ஒன்று அடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெரிதாக அடிக்கச் சொல்லுங்கள்.