என்பிடி டிரைவரில் பூஜ்யம் நிரப்ப: ரைட்டா, ட்ரிம்மா, ரைட்-ஸீரோஸா?

வேறொரு மெஷினில் (சர்வரில்) இருக்கும் டிஸ்க்கை என்பிடி (நெட்வொர்க் பிளாக் டிவைஸ், நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைப் பயன்படுத்தும் முறை) வழியாக லினக்ஸில் இணைத்து, அதில் 100 ஜிபியை முழுக்கப் பூஜ்யமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிரைவருக்கு அதற்கென்று தனிக் கட்டளை தெரியாவிட்டால் கர்னல் பூஜ்யங்களைச் சாதாரண ரைட்டாகவே எழுதித் தள்ளும். 100 ஜிபியும் நெட்வொர்க்கில் போகும். ஒரு கிகாபிட் லைனில் நொடிக்கு 125 எம்பிக்கு மேல் போக வழியில்லை, ஆக 13 நிமிடத்துக்குக் குறையாது. சர்வரில் கியூஎமு என்ற மெய்நிகர் மெஷின் மென்பொருளின் டிடெக்ட்-ஸீரோஸ் (வரும் பூஜ்யங்களைக் கண்டுபிடிக்கும் வசதி) போட்டால் டிஸ்க்கில் இடம் மிச்சமாகும், சரி, ஆனால் பைட்டுகள் அதற்குள் லைனைக் கடந்து வந்துவிட்டனவே.

ட்ரிம் என்ற கட்டளையில் டேட்டாவே போகாது, 28 பைட் ஹெடர் மட்டும்தான், அதனால் பலருக்கும் கை அங்கேதான் போகும். தயவுசெய்து வேண்டாம். அது 'இந்த இடம் இனி எனக்குத் தேவையில்லை' என்று சொல்வது, அவ்வளவே. சர்வர் கண்டுகொள்ளாமல் விடலாம், திரும்பப் படித்தால் பழைய டேட்டாவே வரலாம். டிஸ்கார்டு (ட்ரிம்முக்கு லினக்ஸில் உள்ள பெயர்) செய்த இடம் பூஜ்யமாகத்தான் இருக்கும் என்று நம்புவதை லினக்ஸே 2017இல், 4.12 கர்னலில், கைவிட்டுவிட்டது.

என் ஓட்டு ரைட்-ஸீரோஸுக்கு, அதாவது 'இந்த இடத்தைப் பூஜ்யமாக்கு' என்ற கட்டளைக்கு. அதே 28 பைட் ஹெடர், ஆனால் படித்தால் பூஜ்யம் வந்தே தீர வேண்டும். நீளத்துக்கு 32 பிட் என்பதால் ஒரு கோரிக்கை 4 ஜிபிக்குள் அடங்க வேண்டும், 100 ஜிபிக்கு சில பத்துக் கோரிக்கைகள் போதும். டிரைவரில் வேலையும் அதிகமில்லை: இணையும்போது சர்வர் இந்த வசதிக்கான கொடியை (ஃபிளாக்) காட்டினால், கியூவில் (கோரிக்கைகளின் வரிசையில்) ஒரு கோரிக்கைக்கான உச்ச அளவை வைக்க வேண்டும், காட்டாவிட்டால் அதை 0 என விட்டால் கர்னலே பழைய ரைட்டுக்குத் திரும்பிவிடும். அப்புறம், கர்னல் நோ-அன்மேப் (இடத்தை விடுவிக்காதே) என்று கேட்டால் அதை என்பிடியின் நோ-ஹோல் கொடியாக மாற்றி அனுப்புவதை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் இடத்தை ஒதுக்கியே வைத்திருக்கச் சொன்ன இடத்தில் சர்வர் ஓட்டை போட்டுவிட்டால் (அந்த இடத்தை விடுவித்துவிட்டால்), பின்னால் எழுதும்போது சர்வர் டிஸ்க் நிரம்பியிருந்து பிழை வரும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஓட்டை போட முடியாத டிஸ்க் என்றால் சர்வர் அந்தப் பூஜ்யங்களை உண்மையிலேயே எழுதித்தான் ஆக வேண்டும், 4 ஜிபிக்கு ஒரே பதில் என்றால் அது வர நேரமாகும், கிளையன்ட்டில் குறைவான டைம்அவுட் வைத்திருந்தால் இணைப்பே அறுந்துபோகலாம். அப்படிப்பட்ட சர்வருக்கு உச்ச அளவைச் சில பத்து எம்பியாகக் குறைத்து வையுங்கள், கூடுதல் ஹெடர்களால் லைனுக்குப் பெரிய பாரம் எதுவும் வராது.