கான்சர்ட்டுக்கு இயர் ப்ளக்: வருஷக்கணக்கில் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது

இயர் ப்ளக் வாங்கப் போகிற எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை டெசிபல் குறைக்கும்?" என்றுதான். பெட்டியிலும் அதைத்தான் பெரிசாகப் போட்டிருக்கிறார்கள். ஃபோம், சிலிக்கான், காதுக்கு அச்செடுத்துச் செய்தது என்று மூன்றையும் பல வருஷமாக மாற்றி மாற்றிப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எண்ணை இரண்டாவதாகப் பாருங்கள். நிகழ்ச்சி முடியும்வரை கழற்றாமல் வைத்திருக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100 என்றால் கால் மணி. ராக் இசையோ எலக்ட்ரானிக் இசையோ, மேடைக்குப் பக்கத்தில் நின்றால் 100 டெசிபல் என்பது சர்வ சாதாரணம். அப்படியென்றால் முதல் நாலு பாட்டு முடிவதற்குள் அன்றைக்குக் காது தாங்கக்கூடிய அளவு முடிந்துவிட்டது, மீதி எல்லாம் கடன்.

இப்போது 15 டெசிபல் குறைக்கும் ப்ளக்கைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் 3 மணி நேரம் நின்றால் காதுக்குள் போவது 85 தான். 8 மணி நேர அளவில் 3 மணி நேரம், பாதிகூட ஆகவில்லை. சரி, இன்னொருவர் 30 டெசிபல் குறைக்கும் முரட்டு ப்ளக் போட்டிருக்கிறார், ஆனால் பிடித்த பாட்டுக்காகவும் பக்கத்திலிருப்பவரிடம் பேசுவதற்காகவும் அங்கங்கே கழற்றியதில் மொத்தம் கால் மணி நேரம் வெறும் காதோடு நின்றுவிட்டார் என்று வையுங்கள். 100 டெசிபலில் வெறும் காதோடு நின்ற அந்தக் கால் மணியிலேயே ஒரு நாள் அளவு முடிந்துவிட்டதால், மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்துச் சராசரி போட்டால் அவருடைய 30 டெசிபல் ப்ளக் செய்த வேலை சுமார் 11 டெசிபல்தான். சாதாரண 15 டெசிபல் ப்ளக்கைக் கழற்றாமல் போட்டவர் அவரைவிட நன்றாகத் தப்பித்துவிட்டார். இந்தக் கணக்கு புரிந்த அன்றிலிருந்து நான் ப்ளக்கைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. எது என்னைக் கழற்ற வைக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

ஃபோமில் ஆரம்பிக்கிறேன். பலர் அதை இளக்காரமாகப் பேசுவார்கள், எனக்கு அப்படி இல்லை. சரியாகப் போட்டால் நிறையச் சத்தத்தைக் குறைப்பது ஃபோம்தான், கிடைப்பதும் சுலபம். ஆனால் சரியாகப் போடுகிறவர்கள் ரொம்பக் கம்மி. பாதி வெளியே நீட்டிக்கொண்டு, போட்டேன் பேர்வழி என்று துவாரத்தின் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபோமைக் கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் பார்க்கலாம், பெட்டியில் போட்ட எண்ணில் பாதிகூட அதில் தேறாது. கை சுத்தமாக இருக்க வேண்டும். ப்ளக்கை மடிப்பு விழாமல் குச்சி மாதிரி மெல்லிசாக உருட்டி, எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் வளைந்திருக்கும் காதுக்குழாய் கொஞ்சம் நேராகும், அந்த நொடியில் உள்ளே தள்ளிவிட்டு, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிஷம் விரலை எடுக்கக் கூடாது. அப்புறம் இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக்கிப் பொத்தி எடுத்துப் பாருங்கள். பொத்தும்போது சத்தம் சட்டென்று இன்னும் குறைந்தால் ப்ளக் ஒழுங்காக உட்காரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்துதான். இதையெல்லாம் விளக்கு அணைந்தபிறகு கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு செய்ய முடியாது, உள்ளே நுழைவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பெட்டியில் என்ஆர்ஆர் (எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற மதிப்பீடு) 33 என்று இருப்பது ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்து எடுத்த எண். அதை அப்படியே நம்பக் கூடாது. அதிலிருந்து 7-ஐக் கழித்துப் பாதியாக்கிக்கொள்ளும் வழக்கம் தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையில் உண்டு, அப்படிப் பார்த்தால் 33 என்பது 13 ஆகிவிடும். கறாரான கணக்குதான், ஆனால் கூட்டத்தில் பார்க்கிற காதுகளை வைத்துச் சொன்னால் அநியாயமான கணக்கு இல்லை.

ஃபோமில் எனக்கிருக்கும் ஒரே பெரிய குறை, பாட்டைக் கெடுத்துவிடும். ட்ரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டின் ஒலி காணாமல் போகும், பாடுகிறவரின் வார்த்தை மழுங்கும், பேஸ் என்கிற கீழ் சுர ஒலி மட்டும் கும்கும் என்று மிஞ்சும். பக்கத்து வீட்டில் பாட்டு போட்டால் சுவர் வழியாக நமக்குக் கேட்குமே, அந்த மாதிரி. ஃபோம் இயல்பாகவே கீழ் சுரங்களைவிட மேல் சுரங்களை அதிகம் விழுங்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நம் காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழல், 2,700 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் ஒலியை அது தானாகவே தூக்கிக் கொடுக்கும். பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் குழலை அடைத்துவிட்டால் அந்த உதவியும் போச்சு. பாட்டு கேட்கத்தானே வந்தோம் என்று மூன்றாவது பாட்டிலேயே கை தானாகக் காதுக்குப் போய்விடுகிறது. அதனால் ட்ரம்ஸுக்கு நேர் முன்னால் நிற்க நேர்ந்தாலோ, வெறும் சவுண்ட் செக்கில் சும்மா நிற்க வேண்டியிருந்தாலோதான் இப்போது எனக்கு ஃபோம்.

அடுத்தது ஃபில்டர் வைத்த ப்ளக். இசைக்கலைஞர்களுக்கென்றே எட்டிமோட்டிக் நிறுவனம் 1988-ல் இஆர்-15 என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. காதுக்கு அச்செடுத்துச் செய்தது, எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி 15 டெசிபல் குறைக்கும், காதுக்குழாய் இழந்த அந்த 2,700 ஹெர்ட்ஸ் தூக்கலையும் திருப்பிக் கொடுக்கும். அச்செடுக்காமல் எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி குடை குடையாக அடுக்கிய சிலிக்கான் ப்ளக்குகள் அப்புறம் வந்தன, இன்றைக்குப் பல நிறுவனங்கள் அதே பாணியில் செய்கின்றன. முதல் தடவை போடும்போது ஏமாற்றமாகத்தான் இருக்கும். சத்தம் குறைந்துவிட்டதே, ஜோஷ் இல்லையே என்று தோன்றும். இரண்டு பாட்டு பொறுங்கள். காது பழகியதும் யாரோ வால்யூமை மட்டும் கீழே இறக்கிய மாதிரி இருக்கும், கிட்டாரும் கீபோர்டும் தனித்தனியாகப் பிரிந்து கேட்க ஆரம்பிக்கும். அளவுக்கு மீறிய சத்தத்தில் காதே ஒலியைச் சிதைத்துக் காட்டுகிறது, அந்தச் சிதைவு போனாலே பாதித் தெளிவு வந்துவிடுகிறது. பேஸ் உடம்பு வழியாக வழக்கம்போல் நெஞ்சில் இடிக்கும், அதை எந்த ப்ளக்கும் தடுக்காது, தடுக்கவும் வேண்டாம்.

நாள்பட்டதில் தெரிந்த குறைகள் உண்டு. மூன்று குடை வைத்தது என் காதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அரிக்கும், உள்குடை உரசும் இடம் சிவந்துவிடும். சின்ன சைஸுக்கு மாறியபிறகுதான் அது நின்றது, அதனால் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று சைஸ் வருகிற மாதிரிப் பார்த்து வாங்குவது நல்லது. காதுக் குறும்பி ஃபில்டர் துவாரத்தில் போய் அடைத்துக்கொண்டால் ஃபில்டர் ப்ளக் வெறும் ரப்பர் அடைப்பான் ஆகிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது, பாட்டு மந்தமாகக் கேட்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிலிக்கானைத் தனியாகக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம், ஃபில்டரில் தண்ணீர் படக் கூடாது. சிலிக்கான் மஞ்சளாகி விறைக்க ஆரம்பித்தால் அடைப்பும் தளர்ந்துவிடும். அப்புறம் அந்த நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு. தலைமுடி, காதணி, தோளில் தொங்கும் பை என்று எதில் வேண்டுமானாலும் மாட்டும். இருட்டில் கீழே விழுந்த ப்ளக்கைத் தேடி எடுத்துத் துடைத்துக் காதில் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தரையை வெளிச்சத்தில் பார்த்தால் வைக்க மாட்டார்கள்.

கழற்ற வைப்பதில் முதல் ஆள் பேச்சு. பக்கத்தில் இருப்பவர் ஏதோ சொல்கிறார், காதில் விழவில்லை, உடனே ப்ளக்கைப் பிடுங்குகிறோம், அவர் அந்த வெறும் காதுக்குள் வாயை வைத்துக் கத்துகிறார். அதைவிட மோசமாகக் காதுக்கு ஒன்றைச் செய்ய முடியாது. ப்ளக் போட்டபடியே காதைக் கிட்டே கொடுத்து, கத்தாமல் நிதானமாகச் சொல்லச் சொன்னால் ஃபில்டர் ப்ளக்கில் நன்றாகவே புரியும், சில சமயம் வெறும் காதைவிடத் தெளிவாகவே. நாம் பேசும்போதுதான் சிக்கல். சொந்தக் குரல் மண்டைக்குள் கும்மென்று கேட்பதால் கத்துகிறோமோ என்று நினைத்து நம்மை அறியாமல் குரலைத் தாழ்த்திவிடுவோம், எதிராளிக்கு ஒன்றுமே கேட்காது. கொஞ்சம் தூக்கியே பேசிப் பழக வேண்டும். பல மாதம் ஆயிற்று எனக்கு.

சத்தத்தைக் குறைக்க இன்னொரு வழி நிற்கும் இடம். ஸ்பீக்கருக்கு நேரே முன்னால் நிற்பதற்கும் மிக்சர் மேசைக்குப் பின்னால் நிற்பதற்கும் நல்ல வித்தியாசம் இருக்கும், அதோடு சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்குச் சரி செய்யும் ஒலி அங்கேதான் சரியாக விழும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கென்று ஒரு தர அளவு வெளியிட்டது. 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் வேண்டும், வருகிறவர்களுக்கு ப்ளக் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. 100 என்றாலே வெறும் காதுக்குக் கால் மணி நேரம்தான் என்பதை மேலே பார்த்தோம், ஆக எல்லாரும் விதிப்படி நடந்தாலும் ப்ளக் தேவைதான்.

சத்தம் அளக்கும் செயலியைப் போனில் வைத்துப் பார்க்கலாம். போன் மைக் ஓர் அளவுக்கு மேல் திணறிவிடும் என்பதால் 98 என்று காட்டினால் அதற்கும் மேலே இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்வேன். பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் வேண்டாம், குறைவது சொற்பம், துணுக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

மறுநாள் எழுந்தால் சரியாகிவிடுகிறதே, காது கொய்ங் என்பது நின்றுவிடுகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று. உள்காதில் இருக்கும் காக்ளியா என்ற உறுப்பில், ஒலியை உணரும் முடிச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000-தான், பறவைகளுக்குச் செத்தால் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. 2009-ல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், பலத்த சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் பழைய அளவுக்கே வந்துவிட்டது, ஆனால் முடிச் செல்களையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகள் நிறைய அழிந்துபோயிருந்தன, திரும்பவில்லை. மனிதருக்கு இது எந்த அளவு என்று ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு அது போதும், மறுநாள் சரியானதை வைத்து நிம்மதி அடைவதில்லை. எந்தச் சுரம் எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் போடும் வரைபடமான ஆடியோகிராம் ஒன்று எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமே. இரைச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ, ஒரு காது திடீரென்று மந்தமானாலோ தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். திடீர்க் கேட்புக் குறைவுக்குச் சிகிச்சை சில நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம்.

கடைசியாக அச்செடுத்தது. கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் காதுக்குள் நூல் கட்டிய ஒரு சின்னப் பஞ்சை வைத்து, செவிப்பறைப் பக்கம் போகாமல் அடைத்துவிட்டு, குளிர்ந்த பசையை நிரப்புவார். கொஞ்ச நேரம் உலகமே அணைந்துவிடும், இறுகியதும் உருவினால் நம் காதின் உள்வடிவம் அப்படியே கையில் வரும். வசதி என்றால் இதுதான். காம்பு நீட்டாது, அரிக்காது, போட்டதே மறந்துவிடும், ஃபில்டரை மட்டும் 9, 15, 25 என்று இடத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் 15-ல்தான் இருக்கிறேன், 25 போட்டால் மறுபடி கழற்றத் தோன்றும் பிரச்சினை வந்துவிடுகிறது. ஆனால் செலவு அதிகம், தொலைத்தால் வயிறு எரியும், வருஷம் போகப் போகக் காதின் வடிவம் மாறுவதால் நிரந்தரமும் இல்லை. கூடவே பாடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. தாடை அசைந்தால் காதுக்குழாயும் அசையும், உச்ச ஸ்தாயியில் வாயைத் திறந்து கத்தும்போது அடைப்பு லேசாக விட்டுவிட்டுப் பிடிக்கும். பாடகர்களுக்கு வாயில் ஒரு கட்டையைக் கடிக்க வைத்து, திறந்த வாயோடுதான் அச்செடுப்பார்கள். என்னுடையது மூடிய வாயோடு எடுத்தது, இப்போது இடது காதில் தளர்ந்தும் விட்டது. அடுத்ததைத் திறந்த வாயோடு எடுக்கச் சொல்ல வேண்டும். அதுவரை வலது காதுக்கு அச்சு, இடது காதுக்குச் சிலிக்கான் என்று ஜோடி மாறித்தான் ஓடுகிறது. இரண்டும் ஒரே அளவு குறைக்காததால் ஸ்டீரியோ ஒரு பக்கம் சாய்ந்து கேட்கிறது, முதல் பாட்டு வரைக்கும்தான் அது உறுத்துகிறது.