கடலோரப் பேரூராட்சி ஒன்றின் எரிவாயு மயானம்: உலை பரவாயில்லை, பதிவேடு மோசம்

கடலூருக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு பேரூராட்சியின் பொது மயானம் இது. ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் இதே மாதிரி கட்டிய மயானங்கள் வேறு இருக்கின்றன, குறைகளும் ஏறக்குறைய இவைதான். ஐந்துக்கு மூன்று போடலாம். எரிக்கும் பக்கத்துக்கு நாலு, புதைக்கும் பக்கத்துக்கு இரண்டு என்று பிரித்துச் சொல்வதே நியாயம்.

முன்பதிவு போனில்தான். வீட்டிலிருந்து எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது சொல்லிவிடுங்கள். அன்றைக்கு முதல் உடல் என்றால் உலைச் செங்கல் சூடேறவே அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். சொல்லாமல் போனால் அந்த நேரம் முழுக்க வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அங்கே தரும் இறப்பு அறிக்கை, வீட்டில் என்றால் கடைசியாகப் பார்த்த டாக்டரின் சான்று, இறந்தவருக்கும் கையெழுத்துப் போடுகிறவருக்கும் ஆதார் நகல். விபத்து, சந்தேக மரணம் என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்து காவல் நிலையம் கொடுக்கும் கடிதம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது.

கட்டணம் வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. ரசீது கேட்டு வாங்குங்கள். தகனம், அடக்கம், அமரர் ஊர்தி எதற்கும் ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் கொடுக்க வேண்டாம்.

இனி உலை. 19 கிலோ வணிக சிலிண்டர்களை வரிசையாக ஒரே குழாயில் கோத்து பர்னருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை சிலிண்டர் திறந்திருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். இரண்டை மட்டும் திறந்து வேகமாக இழுத்தால் சிலிண்டரின் வெளிப்புறம் வேர்த்து, பிறகு பனி படியும். உள்ளே கேஸ் மிச்சமிருந்தும் அழுத்தம் இறங்கிவிடும். தீ மஞ்சளாகும், நேரம் இழுக்கும். மேலே தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறார்கள். சரியான வழி நாலைந்தைச் சேர்த்துத் திறந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சமாக எடுப்பது. ஒழுங்காக நடந்தால் ஒரு உடலுக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். கதவு ஓரத்துச் செராமிக் கயிறு நைந்து போயிருந்தால் அங்கேயே சூடு கசியும், கேஸ் செலவு கூடும். இங்கே அதை மாற்றி வைத்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம், பல இடங்களில் அந்தக் கயிறு இருப்பதே மறந்துபோயிருக்கும்.

கரும்புகை வருகிறது என்று தெருக்காரர்கள் சொல்வது உண்மை. ஆனால் பாதிக் காரணம் நாம் கொண்டுபோவது. ஆஸ்பத்திரியில் சுற்றித் தரும் பாலித்தீன் உறை, பாலியஸ்டர் சேலை, பாய், தலையணை, பிளாஸ்டிக் நாரில் கட்டிய மாலை எல்லாமே புகைதான். கண்ணாடி வளையல் உருகிச் செங்கல்லில் ஒட்டிக்கொள்ளும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லி, ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட வேண்டும். அதன் பேட்டரி உலைக்குள் வெடிக்கும். மீதிப் பாதிக் காரணம் புகையைக் கழுவும் தொட்டி. இந்தப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அது தெளிப்பு முனைகளை அடைத்து, இரும்புக் குழாயை அரித்துவிடுகிறது. முனைகளை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவினால் போதும். அதைச் செய்ய ஆள் இருக்கிறார், செய்யச் சொல்ல ஆள் இல்லை.

புகைபோக்கியின் இழுகம்பிகளும் உப்புக்காற்றில் துருவேறி நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகைக்கு முன் அவற்றைப் பார்த்தாக வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் இந்த மாவட்டத்தில் மரத்தையும் மின்கம்பத்தையும் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் போனால் காற்றுக்கான புளோயர் நின்றுவிடும், கேஸ் இருந்தும் உலை வேலை செய்யாது. ஜெனரேட்டர் இருக்கிறது, பேட்டரி ஏறியிருக்கிறதா, டீசல் இருக்கிறதா என்பதைப் புயல் எச்சரிக்கை வந்த பிறகு பார்த்துப் பயனில்லை. வறட்டி, வைக்கோல், களிமண் மூட்டத்துக்கான பழைய கொட்டகையை இடிக்காமல் விட்டது நல்ல முடிவு.

புதைக்கும் பக்கம்தான் வேதனை. அந்த நிலத்துக்கு வரைபடமே இல்லை. யார் எங்கே என்பது குழி வெட்டும் பெரியவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர் வராத நாளில் புதுக்குழி பழைய எலும்பில் இடிக்கிறது. பத்தடிக்கு ஒரு எல்லைக்கல் நட்டு, வரிசைக்கு எழுத்தும் குழிக்கு எண்ணும் கொடுத்து, ஏட்டில் தேதியோடு எழுதினால் தீர்ந்தது. செலவு கல்லுக்கும் சுண்ணாம்புக்கும்தான். இடம் சுருங்குவதற்கு இன்னொரு காரணம், அனுமதியில்லாமல் சிமெண்டில் எழுப்பும் சமாதிகள். எத்தனை ஆண்டு கழித்து அதே குழியை மறுபடி தோண்டலாம் என்று மன்றம் தீர்மானம் போடாதவரை அதைத் தடுக்கவும் முடியாது. உலைக்கு வருகிறவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை. இந்தப் பக்கத்தில் வேலியே சாதியைச் சொல்கிறது.

மண் வெறும் மணல். ஐந்தடி தோண்டும்போது பக்கங்கள் சரியும், மழைக்காலத்தில் மூன்றடியிலேயே தண்ணீர் ஊறும். இரண்டு பக்கமும் பலகை முட்டுக் கொடுத்துத்தான் இறங்க வேண்டும். முட்டுப் பலகையும் சின்ன டீசல் பம்பும் மயானத்திலேயே இருக்க வேண்டியவை. இங்கே வாடகைக்கு எடுத்து வரச் சொல்கிறார்கள். ஜேசிபி கூப்பிடுவது அவசரத்துக்குச் சுலபம், ஆனால் அது பக்கத்துக் குழிகளையும் சேர்த்தே கலைத்துவிடும். சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு பிடுங்கினால்தான் அடுத்த மழைக்குத் தழைக்காது. கடைசியாக வெட்டியது தேர்தலுக்கு முன் என்கிறார்கள்.

மயானப் பதிவேட்டில் பெயர் எழுதும்போது அருகில் நில்லுங்கள். ஆதாரில் உள்ளபடி இனிஷியலோடு எழுதச் சொல்லுங்கள், தந்தை அல்லது கணவர் பெயரையும் சரிபாருங்கள். இறப்புச் சான்றில் ஒரு எழுத்து மாறினால் வங்கியிலும் காப்பீட்டிலும் பணம் நிற்கும். இறப்பைப் பதிய 21 நாள் வரை கட்டணமில்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஓராண்டு கடந்தால் வருவாய்த் துறை அதிகாரியின் உத்தரவு வரை அலைய நேரும். பதினாறாம் நாள் கருமாதி முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் கையில் மிஞ்சுவது ஐந்தே நாள். மயான ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, பதியப் போகும்போது கொண்டுபோங்கள்.

சாம்பல் ஆற அரை மணி நேரம். நாம் கொண்டுபோகும் மண்சட்டியில் டோக்கன் எண் எழுதி ஒட்டித் தருகிறார்கள். எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். சட்டி, வெள்ளைத் துணி அங்கே விற்பதில்லை. கையில் எடுத்துப் போக வேண்டும். காரிய மேடைக் குழாயில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது. கழிவறை இருக்கிறது, சாவி காவலாளியிடம்.