மண்டபத்துக்கு வந்த ஆக்டிவிட்டி பாக்ஸ்: மூன்று மாதம், 2,850 ரூபாய்

ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்டிக் கிளிஞ்சலைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பிள்ளைகளுக்காக மாதாமாதம் வாங்கிய ஆக்டிவிட்டி பாக்ஸில், டிசம்பர் மாதப் பெட்டியில் பன்னிரண்டு கிளிஞ்சல் வந்திருந்தது, ஊதாவும் ரோஸுமாக. என் மாமனார் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டார். நாற்பது வருஷம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், வலை போட்டவர். சொல்லாமல் விட்டதே பெரிய விஷயம்.

சரி, முதலிலிருந்து வருகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஆறு வயது, இங்கே அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. சின்னவனுக்கு மூன்றரை. நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். தீபாவளி நேரத்தில் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது, பிள்ளைகள் கையில் போன் போய்விடும். அதற்காகத்தான் அக்டோபரில் இந்தப் பெட்டிக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன். மாதம் ஒரு பெட்டி. சமையல், கைவேலை, படிப்பு என்று அதில் மூன்று பகுதி. மூன்றிலிருந்து ஆறு வயது வரைக்கும் என்று மேலே போட்டிருக்கிறது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி பெட்டி இப்போது நிறையப் பேர் அனுப்புகிறார்கள். எதை வாங்கினாலும் என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உபயோகம்.

கூரியர் ஒவ்வொரு முறையும் எட்டு, ஒன்பது நாள் ஆனது. வீட்டுக்கு வரவில்லை, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அது இங்கே எல்லோருக்கும் பழகிப்போன கதை, விடுங்கள்.

பெட்டியில் உண்மையிலேயே நன்றாக இருந்தது சமையல் அட்டைகள். மாதம் நான்கு அட்டை, மொத்தம் பன்னிரண்டு. கெட்டித் தாள், நெய்க் கை பட்டாலும் துடைத்துவிடலாம். அட்டையில் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ஒரு கை வரைந்திருக்கிறது. பச்சைக் கை என்றால் பிள்ளை செய்ய வேண்டியது, சிவப்புக் கை என்றால் பெரியவர்கள் செய்ய வேண்டியது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பச்சைக் கை என்னை எவ்வளவு படுத்தியது என்று எனக்குத்தான் தெரியும். அவல் லட்டு அட்டையில் பதினொரு படி, அதில் எட்டுப் படி பச்சை. அவலை அளக்கிறது, தேங்காய்ப்பூவைக் கொட்டுகிறது, பிசைகிறது, உருட்டுகிறது எல்லாம் பிள்ளை வேலை. மூத்தவள் கப்பில் அவலை அள்ளும்போது பாதி தரையில். என் கை தானாக நீளுகிறது. "அம்மா, இது பச்சைக் கை" என்று தட்டிவிடுகிறாள். நான் எழுந்துபோய் மெஷினில் உட்கார்ந்துகொண்டேன்.

அட்டையில் நாட்டுச்சர்க்கரை என்று இருந்தது. எங்கள் வீட்டில் கருப்பட்டி. கருப்பட்டியில் மண், தூசி இருக்கும், உருக்கி வடிகட்டாமல் போட முடியாது. வடிகட்டியதும் பாகு தண்ணீராக நின்றது, லட்டு பிடிக்கவில்லை, களி மாதிரி சரிந்தது. இன்னும் ஒரு கைப்பிடி அவலை வறுத்து, மிக்ஸியில் ஓட்டிச் சேர்த்ததும் நின்றது. அடுத்த முறை பாகை அடுப்பில் இன்னும் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொண்டேன். நீங்களும் கருப்பட்டி போட்டால் அப்படிச் செய்யுங்கள். அதே அட்டையில் முழு நிலக்கடலை ஒரு கைப்பிடி போடச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு முழுக்கடலையா? தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் பொடித்துத்தான் போட வேண்டும். மூன்று வயதுக்கு என்று பெட்டியிலேயே அச்சடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

பிஸ்கட் அட்டைக்கு ஓவன் வேண்டும். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இல்லை. பழைய அலுமினியச் சட்டியில் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடிப் பத்து நிமிஷம் சூடாக்கி, அப்புறம் தட்டை உள்ளே வைத்தேன். இருபத்தைந்து நிமிஷத்தில் வெந்துவிட்டது. அடி கொஞ்சம் கருகியதுதான், ஆனாலும் மிச்சம் இல்லை. இந்த வழியையும் ஒரு வரியில் அட்டையில் போட்டிருக்கலாம்.

கைவேலைப் பகுதிதான் கோபம் வரவைத்தது. தீபாவளிப் பெட்டியில் காகித விளக்குக் கூண்டும், உள்ளே வைக்க ஒரு சின்ன லைட்டும் வந்தது. லைட்டுக்குள் பட்டன் பேட்டரி. மூடிக்கு ஸ்க்ரூ கிடையாது, நகத்தால் நெம்பினால் திறக்கிறது. சின்னவன் ஐந்து நிமிஷத்தில் திறந்துவிட்டான். பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பேட்டரியைப் பிடுங்கிப் பீரோ மேலே வைத்துவிட்டு, கூண்டை வெறுமனே தொங்கவிட்டோம். கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு பூப்படத்தோடு பதில் வந்தது. நீங்கள் எந்தப் பெட்டி வாங்கினாலும் வந்ததும் முதல் வேலையாக லைட் இருக்கிறதா என்று பாருங்கள்.

நவம்பர்ப் பெட்டியில் தலைப்பு இலையுதிர் காலம். சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் துணி இலைகள், ஒட்ட ஒரு மரம். "இந்த மரம் எங்கேம்மா இருக்கு?" என்று மூத்தவள் கேட்டாள். எங்கள் பக்கம் நவம்பரில் இலையா உதிர்கிறது, மழை கொட்டுகிறது. அதே பெட்டியில் உப்பு மாவு இருந்தது. மைதாவும் உப்பும் கலந்து பாக்கெட்டில், தண்ணீர் ஊற்றிப் பிசைய வேண்டியதுதான். வீட்டிலேயே இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தூள் உப்பு, ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் அதே சரக்குதான், இதற்குப் பெட்டி தேவையில்லை. ஆனால் பிள்ளை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு உப்பு உடம்புக்கு ஆகாது. மூத்தவள் ஒரு மீன் செய்தாள். மாமனார் அது ஊளி மீன் என்றார், சின்னவன் பஸ் என்றான். மூன்று நாள் அடுப்படியில் காயவைத்து, நீலப் பெயிண்ட் அடித்து, ஜன்னல் கம்பியில் கட்டினோம். நான்காம் நாள் காலையில் மீன் வேர்த்துக்கொண்டிருந்தது. வாலிலிருந்து நீலமாக ஒரு சொட்டு. மத்தியானம் வால் கழன்று விழுந்துவிட்டது, வீடே அழுகை.

காரணம் உப்புதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தண்ணீராகக் கசிய ஆரம்பிக்கும். வாடைக்காற்று வீசுகிற நவம்பர் மழையில் கடலோரத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? மழைக்காலத்தில் நம் வீட்டுக் கல்லுப்புச் சாடி நசநசவென்று ஆகிறதே, அதேதான். இந்த அட்டையை எழுதியவர் கடலோரத்தில் மழைக்காலம் பார்த்திருக்க மாட்டார். எங்கள் ஊர்களில் உப்பு மாவு வேலையைச் சித்திரை வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்புப் பகுதியில் பயிற்சித் தாள்கள் சுமார். எங்கள் பிள்ளைக்குப் பள்ளியிலேயே அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. 2022ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் என்று ஆரம்பித்தார்களே, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, ஆட்டம், பயிற்சி நூல் என்று. அதில் செய்ததையே இதில் வண்ணத்தில் போட்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இந்தத் தாள்களுக்காகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் நிறம் மாறும் தண்ணீர் என்று ஒரு அட்டை இருந்தது, அதற்குக் காசு கொடுக்கலாம். சிவப்பு முட்டைகோஸை வேகவைத்த தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் மாறும் என்பது பாடம். கோஸை வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ராமநாதபுரம் மார்க்கெட்டில் சிவப்புக் கோஸ் கேட்டேன், கடைக்காரர் சிரித்துவிட்டு வெள்ளைக் கோஸில் ஒன்றை எடைபோட ஆரம்பித்தார். அப்புறம் பக்கத்து வீட்டு வேலியில் சங்குப்பூ ஞாபகம் வந்தது. கோஸிலும் இதிலும் நிறம் கொடுப்பது ஆந்தோசயனின் என்கிற ஒரே வகைச் சாயம். பதினைந்து பூவை வெந்நீரில் போட்டதும் மை மாதிரி நீலம். நான்கு டம்ளரில் ஊற்றினோம். முதல் டம்ளரில் எலுமிச்சை, சொட்டுச் சொட்டாக. நீலம் ஊதாவாகி, அப்புறம் ரோஸ். சின்னவன் "ஐஸ்! ஐஸ்!" என்று குடிக்கப் போய்விட்டான். இரண்டாவதில் சமையல் சோடா, லேசாகப் பச்சை கலந்த நீலம். மூன்றாவதற்கு அத்தை தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை நகத்தில் எடுத்துக் கொடுத்தார். அதை நான்தான் கலக்கினேன், கண்ணில் பட்டால் வெந்துவிடும். நல்ல பச்சை வந்தது. நான்காவதில் மூத்தவள் தென்கடலிலிருந்து, அதாவது மன்னார் வளைகுடாவிலிருந்து, பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீரை ஊற்றினாள். பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

"கடல் புளிக்காதாம்மா?"

புளிக்காது, கொஞ்சம் சுண்ணாம்புப் பக்கம் சாய்ந்தது என்றேன். புளிப்பா, சுண்ணாம்புப் பக்கமா என்று அளக்கிற பிஎச் கணக்கில் கடல் தண்ணீர் எட்டுக்குப் பக்கம், ஏழுதான் நடு. அப்புறம் வீட்டில் இருந்த புளித்தண்ணீர், மோர், சீயக்காய் எல்லாம் டம்ளருக்குப் போனது. அன்று எனக்கு ஒரு பிளவுஸ் முழுசாகத் தைக்க முடிந்தது.

டிசம்பர்ப் பெட்டி கடல். கிளிஞ்சல் கதை சொல்லிவிட்டேன். அதோடு விலங்கு அட்டைகள். கடல் பசு என்று போட்ட அட்டையை மூத்தவள் மாமனார் கையில் கொடுத்தாள். "ஏத்தா, இது நம்ம ஆவுளியா இல்ல. வாலப் பாரு" என்றார். படத்தில் வால் வட்டமாக, விசிறி மாதிரி. ஆவுளியா என்பது எங்கள் கடலில் இருக்கிற கடல் பசு. அதற்கு வால் டால்பினுக்கு இருப்பது போல இரண்டாகப் பிளந்திருக்குமாம். போனில் தேடிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அட்டையில் இருந்தது மானட்டி, அமெரிக்கக் கடலிலும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் இருக்கிற வேறு விலங்கு. நம்முடைய ஆவுளியா மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்புல் மேய்கிறது. அதற்கென்றே 2022ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதல் காப்பகம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அட்டை போடுகிறவர்கள் இதைத் தப்பாகப் போடலாமா? மாமனார் ஸ்கெட்ச் பேனாவால் வாலைத் திருத்திக் கொடுத்தார். கரைக்குப் போனால் சேகரித்து வரச் சொல்லி இன்னொரு அட்டை. எங்கள் கரையில் சிப்பியோடு பவளத் துண்டும் ஒதுங்கும். பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, எடுத்து வரக் கூடாது. அதைப் பிள்ளைக்கு நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமனாருக்கு ஓலைக் காற்றாடி செய்யத் தெரியும். பனையோலையை மடித்து, நடுவில் கருவை முள்ளைக் குத்தி, பிடித்துக்கொண்டு ஓடினால் சுற்றும். ஆனால் அவர் "இப்படித்தான்" என்று அரை நிமிஷத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிடுவார். பிள்ளை வாயைப் பிளந்து பார்த்ததோடு சரி. அரையாண்டு லீவில் மூத்தவளே ஒரு அட்டை தயார் பண்ணினாள். ஓலையை எடு, மடி, செருகு, முள் என்று நான்கு படம், மூன்றில் பச்சைக் கை, முள்ளுக்கு மட்டும் சிவப்பு. ஐயாவை உட்காரவைத்து, "சிவப்பு வரைக்கும் தொடக் கூடாது" என்றாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறாவது ஓலையில் சுற்றியது.

ஆக, ஒரு வருஷச் சந்தா 9,600 கேட்டார்கள், கட்டவில்லை. சமையல் அட்டைகள் மட்டும் தனியாக 450 ரூபாய்க்குக் கிடைத்தது, அந்த மாதிரி கிடைத்தால் வாங்குங்கள். முழுப் பெட்டி யாராவது பரிசாகக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கி, லைட்டை மட்டும் எடுத்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். நான் இப்போது பனங்கிழங்குக்கு ஒரு அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். தோலை உரிக்கிறது, நடுவில் இருக்கிற குருத்தை இழுத்து எடுக்கிறது, நாரைக் கிள்ளுகிறது எல்லாம் பச்சைக் கை. வேகவைக்கிறதும், தேங்காயோடு சேர்த்து இடிக்கிறதும் சிவப்பு. இடிக்கிறதையும் பச்சையாக மாற்றச் சொல்லி இரண்டு நாளாக வீட்டில் சண்டை.